‘வேற என்னென்ன எடுத்துக்கறீங்க?’ என்று கேட்கிற குடும்ப டாக்டர்: ஐந்துக்கு நான்கு

எங்கள் குடும்ப டாக்டருக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. அதில் இரண்டு, ஒரே ஒரு கேள்விக்காக. முதல் முறை வருகிற எல்லாரிடமும், பி.பி. பார்த்து, பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டி முடித்த பிறகு, பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒன்று கேட்கிறார்: “டாக்டர் எழுதிக் குடுக்காம வேற என்னென்ன எடுத்துக்கறீங்க? மூலிகை, ஹோமியோபதி, சத்து மாத்திரை, யாரோ சொன்ன பொடி, எதுவா இருந்தாலும் சொல்லுங்க.” கேட்பதில் விசாரணைத் தொனி இல்லை, கிண்டலும் இல்லை. பதில் சொன்னால் அதை மருந்துப் பட்டியலிலேயே, மற்ற மாத்திரைகளுக்குக் கீழே எழுதிக்கொள்கிறார்.

கிளினிக் பெயரைப் போடவில்லை. இதற்கு முன் பார்த்த டாக்டர்களைப் பற்றியும் கொஞ்சம் காரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, அதனால் எல்லாரும் பெயரில்லாமலே இருக்கட்டும். உங்கள் டாக்டரை எடைபோட இது உதவினால் போதும்.

ஒரு கேள்விக்கு இவ்வளவு மதிப்பெண்ணா என்றால், ஆமாம். அமெரிக்காவில் டேவிட் ஐசன்பெர்க் குழுவினர் 1993-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்த விஷயத்தில் ரொம்பப் பிரபலம். 1990-ல் அந்த நாட்டில் மூன்றில் ஒருவர் ஏதாவது ஒரு மாற்றுச் சிகிச்சையைப் பயன்படுத்தியிருந்தார்கள், அவர்களில் 72 சதவீதம் பேர் அதைத் தங்கள் டாக்டரிடம் சொல்லவே இல்லை. 1997-ல் மறுபடி கணக்கெடுத்தபோது பயன்படுத்துகிறவர்கள் 42 சதவீதமாகிவிட்டார்கள், ஆனால் டாக்டரிடம் சொல்லும் பழக்கம் மட்டும் கூடவில்லை. ஆக, டாக்டர் இதை நம்புகிறாரா இல்லையா என்பது இரண்டாவது கேள்வி. தன் எதிரே உட்கார்ந்திருப்பவரின் உடம்புக்குள் என்னென்ன போகிறது என்று அவருக்குத் தெரியுமா என்பதுதான் முதல் கேள்வி, பெரும்பாலான டாக்டர்களுக்குத் தெரியாது.

தெரியாமல் போவதற்கு அவர்களே காரணமாகவும் இருக்கிறார்கள். அப்பாவின் கதையைச் சொல்கிறேன். முன்பு பார்த்துக்கொண்டிருந்த டாக்டரிடம் அப்பா ஒருமுறை, முட்டி வலிக்கு ஏதோ மூலிகைத் தைலம் தேய்ப்பதாக வாய் தவறிச் சொல்லிவிட்டார். தைலம்தான், உள்ளுக்குச் சாப்பிடுவது கூட இல்லை. அதற்கே, “அப்ப அவங்ககிட்டயே போங்க, இங்க எதுக்கு வர்றீங்க?” என்று, வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி ஒரு பாட்டு. அந்த டாக்டர் திறமைசாலிதான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அப்பா அவரிடம் எதையுமே சொல்வதில்லை என்று முடிவு செய்துவிட்டார். பிறகு நெஞ்செரிச்சலுக்காக அதிமதுர மாத்திரை சாப்பிட ஆரம்பித்தார், தினமும், மாதக்கணக்கில். பி.பி. ஏற ஆரம்பித்தது. டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். மறுபடி ஏறியது, இன்னொரு மாத்திரை சேர்ந்தது. உப்பைக் குறைக்கவில்லை, நடக்கவில்லை என்று அதற்கும் தனியாக ஒரு திட்டு.

இப்போதைய டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டபோது அப்பா வழக்கம்போல “ஒண்ணுமில்லை” என்றுதான் ஆரம்பித்தார். அவர் விடவில்லை. “நெஞ்செரிச்சலுக்கு என்ன பண்றீங்க? தூக்கம் வரலைன்னா? முட்டிக்கு?” என்று ஒவ்வொரு தொந்தரவாகப் பிரித்துக் கேட்டார். இந்தக் கேட்கும் முறையைத்தான் மற்ற டாக்டர்கள் கற்றுக்கொள்ள வேண்டும். ‘மாற்று மருத்துவம் ஏதாவது பார்க்கிறீர்களா’ என்று பொதுவாகக் கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள், அதிமதுரத்தை யார் மருந்து என்று நினைக்கிறார்கள்? இப்படிப் பிரித்துக் கேட்டதில்தான் அது வெளியே வந்தது. அதில் இருக்கும் கிளைசிரைசின் என்ற பொருள், சிறுநீரகத்தில் கார்டிசோல் என்ற ஹார்மோனைச் செயலிழக்க வைக்கும் ஒரு நொதியைத் தடுத்துவிடுமாம். அதனால் உடம்பு உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும், பொட்டாசியம் வெளியே போய்விடும், பி.பி. ஏறும். பொட்டாசியம் பார்க்கச் சொன்னார், குறைவாகத்தான் இருந்தது. அதிமதுரத்தை நிறுத்தி, நெஞ்செரிச்சலுக்கு வேறு வழி செய்து, சில வாரங்களில் கூடுதலாகச் சேர்ந்த பி.பி. மாத்திரையையும் எடுத்துவிட்டார். அப்பாவைத் திட்டவில்லை. “இதுல நிஜமாவே வேலை செய்யற பொருள் இருக்கு, அதனாலதான் பிரச்னை” என்றார். மூலிகையைப் பற்றி ஒரு டாக்டர் சொல்லி நான் கேட்ட மரியாதையான வாக்கியம் இதுதான்.

திட்டுகிற டாக்டரை விட எனக்கு அதிகம் கோபம் வருவது இன்னொரு ரகத்தின் மேல். இடையில் கொஞ்ச காலம் அப்படி ஒருவரிடமும் போனோம். சிரித்த முகம், எதைச் சொன்னாலும் “தாராளமா எடுத்துக்கோங்க, இயற்கைதானே, ஒண்ணும் பண்ணாது.” கேட்க இதமாக இருக்கும், திறந்த மனசுக்காரர் என்று பெயரும் வாங்கிவிடுவார். உண்மையில் அவருக்கு எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை. அவருடைய ரிசப்ஷனிலேயே ஒரு அலமாரி நிறைய சத்து மாத்திரை டப்பாக்கள் விற்பனைக்கு இருந்தன என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், அந்தச் சிரிப்புக்கும் இந்த அலமாரிக்கும் சம்பந்தம் உண்டா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

‘ஒண்ணும் பண்ணாது’ என்பது சாதாரணப் பொய் இல்லை. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் எடை குறைக்கும் கிளினிக் ஒன்றில் கொடுத்த சீன மூலிகை மாத்திரைகளால் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. ஒரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா வகைச் செடி ஒன்று அதில் கலந்திருந்தது. அந்தச் செடியின் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு நிற்காமல் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் வரவைக்கும் என்பது பிறகு உறுதியானது. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்று ஒரு பூச்செடி, மனச்சோர்வுக்கு உலகம் முழுக்க எடுத்துக்கொள்கிறார்கள், லேசான மனச்சோர்வுக்கு அது உதவுகிறது என்பதற்கு ஓரளவு ஆதாரமும் உண்டு. ஆனால் கல்லீரலில் மற்ற மருந்துகளைக் கரைத்து வெளியேற்றும் நொதிகளை அது முடுக்கிவிடும். கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரின், எச்.ஐ.வி. மருந்து எல்லாமே ரத்தத்தில் குறைந்துவிடும். இதயமாற்று அறுவை செய்துகொண்ட இருவர் இதைச் சாப்பிட்டதால், நிராகரிப்பைத் தடுக்கக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவு ரத்தத்தில் இறங்கி, மாற்றி வைத்த இதயத்தை உடம்பு நிராகரிக்கத் தொடங்கியதை 2000-ல் லான்செட் மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறார்கள். இந்த இரண்டாவது ரகத்து டாக்டரிடம் அந்த இருவர் போயிருந்தால் “தாராளமா எடுத்துக்கோங்க” என்றிருப்பார்.

எங்கள் டாக்டர் இந்தப் பக்கமும் சாய்வதில்லை, அந்தப் பக்கமும் சாய்வதில்லை என்று சொன்னால் ஏதோ மத்தியஸ்தம் பேசுகிறவர் போலத் தோன்றும். அப்படி இல்லை. விஷயத்துக்கு விஷயம் அவருக்குத் தெளிவான கருத்து இருக்கிறது, கேட்டால் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். ஹோமியோபதி பற்றி நான் கேட்டேன். “தண்ணியில திரும்பத் திரும்ப அவ்வளவு கரைச்ச பிறகு அதுல மருந்துன்னு ஒண்ணும் மிச்சம் இருக்காது” என்றார். ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2015-ல், ஹோமியோபதி பலன் தருகிறது என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் உள்ள நோய் எதுவும் இல்லை என்று முடிவு சொன்னது. இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர்கள் அதை எழுதிக்கொடுக்க வேண்டாம் என்று அங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். 2017-ல் அறிவுறுத்தியது. பிரான்ஸ் 2021-லிருந்து காப்பீட்டுப் பணம் தருவதை நிறுத்திவிட்டது. இவ்வளவும் தெரிந்தவர், அதற்காக ஹோமியோபதி எடுத்துக்கொள்பவரைக் கேலி செய்வதில்லை. ஜலதோஷத்துக்கு என்றால் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். குழந்தைக்குத் தடுப்பூசிக்குப் பதில் இது, ஆஸ்துமாவுக்கு இன்ஹேலருக்குப் பதில் இது என்றால் மட்டும் குரல் மாறுகிறது.

அக்குபஞ்சர் விஷயத்தில்தான் எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. எனக்கு ஒற்றைத் தலைவலி, தடுப்பு மாத்திரைகள் ஒன்று தூக்கத்தைக் கொடுத்தது, இன்னொன்று கை விரல்களில் மரமரப்பைக் கொடுத்தது. அக்குபஞ்சர் போகலாமா என்று கேட்டேன், உள்ளுக்குள் கொஞ்சம் உதறலோடுதான். அவர் கம்ப்யூட்டரில் இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்கள் வெளியிடும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதலை எடுத்துக் காட்டினார். தடுப்பு மாத்திரைகள் ஒத்துவராதவர்களுக்கு ஐந்து முதல் எட்டு வாரங்களில் அதிகபட்சம் 10 அமர்வுகள் அக்குபஞ்சர் பார்க்கலாம் என்று அதிலேயே இருக்கிறது. “போங்க, ஊசி ஒவ்வொரு தடவையும் புதுசா பிரிக்கறாங்களான்னு மட்டும் கண்ணால பாருங்க. பத்துக்கு மேல இழுத்தா நிறுத்திடுங்க.”

அதோடு விட்டிருக்கலாம், விடவில்லை. ஜெர்மனியில் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்குச் செய்த ஒரு பெரிய ஆய்வைப் பற்றியும் சொன்னார், பிறகு நானே தேடிப் படித்தேன். 2007-ல் வெளியானது, 1,162 பேர். முறைப்படி அக்குபஞ்சர் செய்துகொண்டவர்களில் 47.6 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்தில் நல்ல முன்னேற்றம். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 சதவீதம்தான். அட, ஊசி ஜெயித்துவிட்டதே என்று நினைக்கும்போது மூன்றாவது குழு வருகிறது: குறிப்பிட்ட புள்ளிகளை விட்டுவிட்டு வேறு எங்கோ, மேலாக ஊசி குத்திக்கொண்டவர்கள். அவர்களில் 44.2 சதவீதம் பேருக்கு முன்னேற்றம்! ஆக எங்கே குத்துகிறோம் என்பது பெரிய விஷயமாகத் தெரியவில்லை, ஆனாலும் மாத்திரையும் பயிற்சியும் மட்டும் பெற்றவர்களை விட இரண்டு குழுவும் மேல். இதை வைத்து நம்புகிறவரும் சண்டை போடலாம், நம்பாதவரும் சண்டை போடலாம். அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2017-ல் முதுகு வலிக்கு மாத்திரைக்கு முன்பே சூடு, மசாஜ், அக்குபஞ்சர் போன்றவற்றைப் பாருங்கள் என்றது. அதற்கு முந்தைய வருடம்தான் நைஸ், முதுகு வலிக்கு அக்குபஞ்சர் வேண்டாம் என்று சொல்லியிருந்தது. பெரிய அமைப்புகளே இப்படி ஆளுக்கொரு பக்கம் இருக்கும்போது, ஒரு குடும்ப டாக்டர் எனக்கு எண்களைக் காட்டி, ‘இதுதான் நிலவரம், முடிவு உங்களுடையது’ என்று சொன்னதை நான் மரியாதையாக எடுத்துக்கொண்டேன். (தலைவலி என்ன ஆனது என்று கேட்பீர்கள். குறைந்திருக்கிறது. ஊசியாலா, அந்த நேரத்தில் வேலைப் பளு குறைந்ததாலா என்று எனக்குத் தெரியாது, அவரும் கிரெடிட் எடுத்துக்கொள்ளவில்லை, ஊசிக்கும் கொடுக்கவில்லை.)

அக்காவுக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். தைராய்டு ரிப்போர்ட் வந்தது, பார்த்தால் தைராய்டு அதிகமாகச் சுரக்கிற மாதிரி. எங்களுக்கெல்லாம் பதற்றம், அவர் நிதானமாக, “முடி கொட்டறதுக்கு ஏதாவது சாப்பிடறீங்களா?” என்றார். அக்கா பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், பெரிய டோஸ். பயோட்டின் உடம்பைக் கெடுப்பதில்லை, ரத்தப் பரிசோதனையைக் கெடுக்கிறது. பல லேப்களில் பயன்படுத்தும் சோதனை முறையிலேயே பயோட்டின் ஒரு பாகம் என்பதால், ரத்தத்தில் அது அதிகமாக இருந்தால் முடிவு தப்பாக வரும். மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனின் அளவைக்கூடக் குறைத்துக் காட்டிவிடும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-ல் எச்சரித்திருக்கிறது. சில நாள் நிறுத்திவிட்டு மறுபடி டெஸ்ட் எடுத்ததில் எல்லாம் நார்மல். அந்தக் கேள்வி இல்லாவிட்டால் அக்கா இல்லாத வியாதிக்கு மாத்திரை விழுங்கிக்கொண்டிருப்பாள்.

டாக்டர்கள் பக்கத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவர்கள் எரிச்சல் சும்மா வருவதில்லை. மாற்று மருத்துவத்தில் குணமானவர்கள் டாக்டரிடம் வந்து சொல்வதில்லை. குணமாகாதவர்கள்தான், கட்டி பெரிதாகிக் கைமீறிப் போன பிறகு வருகிறார்கள், டாக்டர்கள் பார்ப்பது அந்தக் கடைசிக் காட்சியை மட்டும். அமெரிக்காவில் 2018-ல் வெளியான ஆய்வில், பரவாத நிலையிலிருந்த மார்பகம், நுரையீரல், பெருங்குடல், புராஸ்டேட் புற்றுநோய்களுக்கு வழக்கமான சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் தேர்ந்தெடுத்தவர்கள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களை விட இரண்டரை மடங்கு இருந்தது. இப்படிப் பலரைப் பார்த்த ஒருவருக்கு ‘மூலிகை’ என்ற சொல்லைக் கேட்டாலே சுர்ரென்று ஏறுவது புரிகிறது. எங்கள் டாக்டரும் புற்றுநோய் என்று வந்துவிட்டால் வேறு ஆளாகிவிடுகிறார், தெரிந்தவர் ஒருவருக்காக நான் கேட்டபோது பேச்சே இல்லை, “முதல்ல ஆபரேஷன். வாந்திக்கு, தூக்கத்துக்கு வேற ஏதாவது வேணும்னா அப்புறம் பேசலாம்.” இதில் அவர் கறாராக இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் அந்த எரிச்சலை முட்டி வலித் தைலம் வரைக்கும் நீட்டுவது நியாயமில்லை. ஒரு குடும்ப டாக்டரிடம் வருகிற தொந்தரவுகளில் எத்தனை, நவீன மருத்துவத்திடமே நல்ல பதில் இல்லாதவை! முதுகு வலி, தூக்கமின்மை, காரணம் தெரியாத சோர்வு, டெஸ்ட்டில் எதுவும் சிக்காத வயிற்றுக் கோளாறு. “ரிப்போர்ட் எல்லாம் நார்மல்” என்று சொல்லி அனுப்பப்பட்டவர் நேரே போவது, நாற்பது நிமிடம் உட்கார வைத்துக் கதை கேட்கிற மாற்று மருத்துவரிடம். 67 நாடுகளின் கணக்கைத் தொகுத்து 2017-ல் வந்த ஆய்வின்படி, டாக்டர் ஒரு நோயாளியோடு செலவிடும் சராசரி நேரம் வங்கதேசத்தில் 48 நொடி, ஸ்வீடனில் 22.5 நிமிடம். 48 நொடியில் எந்த டாக்டரால் மூலிகையைப் பற்றிக் கேட்க முடியும்? நல்ல மனசு இருந்தும் கேட்காத டாக்டர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், அவர்களுக்கு நேரம்தான் இல்லை.

நேரம் என்றதும் குறைகளுக்கு வந்துவிடலாம், ஒரு மதிப்பெண் போனது எங்கே என்று சொல்ல வேண்டுமே. காத்திருப்பு கொடுமை. ஒவ்வொருவரிடமும் அவர் இப்படிக் கேட்டுக்கொண்டிருந்தால் பின்னால் இருப்பவர்கள் என்ன ஆவது, அப்பாயின்ட்மென்ட் நேரத்துக்கு உள்ளே போனதாக எனக்கு நினைவே இல்லை. அப்புறம், அக்குபஞ்சருக்குப் போங்கள் என்றாரே தவிர யாரிடம் என்று சொல்லவில்லை. “எனக்கு அவங்க யாரையும் தெரியாது” என்றார். நேர்மையான பதில், ஆனால் எனக்கு உதவவில்லை, நானாகத் தேடி அலைந்தேன். அவர்களோடு ஒரு வரி கடிதப் போக்குவரத்துகூடக் கிடையாது. ஜெர்மனியில் குடும்ப டாக்டர்களே அக்குபஞ்சரிலும் இயற்கை மருத்துவத்திலும் கூடுதல் தகுதி வாங்கி வைத்திருக்கிறார்கள், ஒரே கூரையின் கீழ் வேலை முடிந்துவிடும். அதிலும் ஆபத்து உண்டு, விற்கிறவரே சிபாரிசு செய்கிறவராகிவிடுவார், அந்த அலமாரி டாக்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் ‘யாரையும் தெரியாது’ என்பது கொஞ்சம் கைகழுவுகிற மாதிரிதான் எனக்குப் படுகிறது.

பெரிய குறை இன்னொன்று. அவர் லீவில் போனால் அவருக்குப் பதிலாக வரும் டாக்டருக்கு இந்தப் பழக்கம் எதுவும் இல்லை. என் பட்டியலில் அக்குபஞ்சர் என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார், நக்கலாகவே. அதாவது நல்ல அணுகுமுறை அந்த ஒரு நபரோடு நிற்கிறது, கிளினிக்குக்கு வரவில்லை. புதிதாக வருகிறவர்கள் நிரப்பும் படிவத்தில்கூட ‘தற்போது எடுக்கும் மருந்துகள்’ என்று மூன்று கோடுதான், மூலிகைக்கோ சப்ளிமென்ட்டுக்கோ இடமில்லை. சேர்க்கலாமே என்று ரிசப்ஷனில் சொன்னேன், தலையாட்டினார்கள், இன்றுவரை அதே படிவம்தான்.

யாருக்கு ஒத்துவராது என்றால், தான் நம்பும் வைத்தியத்தை டாக்டர் ஆமோதிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு. அவர் ஆமோதிப்பதில்லை, எழுதிக்கொள்வார், ஆபத்து இருந்தால் சொல்வார், ஆதாரம் இல்லாவிட்டால் அதையும் சொல்வார். “ரெண்டு நிமிஷத்துல சீட்டு எழுதிக் குடுத்தா போதும்” என்பவர்களும் வேறு இடம் பார்க்கலாம்.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை: சாப்பிடுகிற எல்லாவற்றையும், டப்பாவோடும் பாட்டிலோடும், ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பெயரை மட்டும் சொன்னால் அவர் திருப்பி அனுப்பி எடுத்து வரச் சொல்வார், பின்பக்கத்துச் சின்ன எழுத்துகளைத்தான் அவர் முதலில் படிப்பது. லேபிள் இல்லாத பொடி என்றால் கொடுத்தவரிடம் என்னென்ன சேர்த்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். அறுவை சிகிச்சை ஏதாவது வரப்போகிறதென்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஜின்கோ, ஜின்செங் மாதிரியான மூலிகைகளை இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார். புக் செய்யும்போது ‘புது பேஷன்ட்’ என்று மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரண ஸ்லாட்டில் போட்டுவிடுவார்கள், அதில் அந்தக் கேள்விக்கு அவருக்கே நேரம் இருப்பதில்லை.